லிமாவில் ஒரே ஒரு பெரிய சாப்பாடு: சென்ட்ரலா, மைடோவா, வேறேதாவதா?

பாலாறு_பையன்

எல்லோருக்கும் வணக்கம். அலுவலக வேலையாக அடுத்த மாதம் பெரு நாட்டுக்கு, லிமாவுக்குப் போகிறேன், மனைவியும் கூட வருகிறார். வேலை முடிந்து கையில் மிஞ்சுவது ஒரு சனி, ஞாயிறுதான். ஒரு வேளையாவது நல்ல பெரிய உணவகத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட வேண்டும் என்று பணம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். இணையத்தில் எங்கே தேடினாலும் சென்ட்ரல், மைடோ, திரும்பவும் சென்ட்ரல் என்றுதான் வருகிறது. நான் எதையும் சாப்பிடுவேன். மனைவிக்கு மீன், கோழி, முட்டை சரி, ஆடு மாடு கிடையாது. சென்ட்ரலில் இரண்டு பேருக்கு என்ன ஆகும் என்று ரூபாயில் கணக்குப் போட்டேன், தலை சுற்றிவிட்டது. கொடுக்கிற காசுக்கு ஈடாக இருக்கிறதா, இல்லை பெயருக்குத்தான் கொடுக்கிறோமா? ராத்திரி எங்கே போகலாம்? போய்ச் சாப்பிட்டவர்கள் மட்டும் சொல்லுங்கள், வீடியோ இணைப்பு எதுவும் வேண்டாம்.

தோசைக்கல்

நான் போனதில்லை. ஆனால் இந்த இழை எங்கே போய் முடியும் என்று தெரிகிறது, அதனால் இப்போதே துண்டு போட்டு இடம் பிடிக்கிறேன்.

நெடுவழி

லிமாவில் சில வருடம் குடியிருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். "ராத்திரி எங்கே" என்று கேட்கிறீர்களே, முதலில் அதை மாற்றுங்கள். அந்த ஊரில் பெரிய சாப்பாடு என்றால் மதியச் சாப்பாடுதான். செவிச்சே என்பது பச்சை மீனை எலுமிச்சைச் சாற்றில் போட்டுக் கொடுப்பது, அதைப் போடும் கடைக்கு செவிச்சேரியா என்று பெயர், உருப்படியான செவிச்சேரியாவாக இருந்தால் சாயங்காலம் நாலு, ஐந்து மணிக்குக் கதவைச் சாத்திவிடும். விடியற்காலையில் கரைக்கு வந்த மீன் மதியத்துக்குள் தீர்ந்துவிட வேண்டும் என்பது பழைய கணக்கு. இப்போது ஐஸும் குளிர்சாதனமும் வந்துவிட்டன, பழக்கம் மட்டும் மாறவில்லை. ராத்திரி எட்டு மணிக்குச் சுற்றுலாக்காரர்களுக்கு செவிச்சே கொடுக்கும் இடங்கள் இருக்கத்தான் செய்கின்றன, ஊர்க்காரர்கள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

ஒரே ஒரு வேளைதான் என்றால் என் ஓட்டு லிமாவின் மிராஃப்ளோரெஸ் பகுதியில் இருக்கும் லா மார் என்ற செவிச்சேரியா. பெருவின் பிரபல சமையல்காரர் கஸ்தோன் அகூரியோ 2005இல் தொடங்கியது. மலிவு கிடையாது, ஆனால் தட்டு வாரியாகக் கேட்டு வாங்கிச் சாப்பிடலாம், பிடித்ததை இன்னொரு முறை கேட்கலாம், பிடிக்காததை ஒதுக்கலாம். பதினான்கு தட்டு வரிசையாக வந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

எந்த செவிச்சேரியாவுக்குப் போனாலும் முடிந்தால் மேசையில் உட்காராமல் சமையல் மேடையை ஒட்டி இருக்கும் நாற்காலியில் உட்காருங்கள். செவிச்சே போடுகிறவர் என்ன செய்கிறார் என்று பார்ப்பதே பாதிச் சாப்பாடு. மீனைக் கட்டைவிரல் அகலத்துக்குத் துண்டு போடுவார், கிண்ணத்தின் உட்புறத்தில் அஹி லிமோ மிளகாயை ஒரு தேய் தேய்ப்பார், மீனைப் போட்டு முதலில் உப்பு, அப்புறம்தான் எலுமிச்சை. எலுமிச்சையைக் கடைசிச் சொட்டு வரை பிழியவே மாட்டார், பாதிக்குக் கொஞ்சம் மேலே போனதும் தூக்கிப் போட்டுவிடுவார், முழுக்கப் பிழிந்தால் தோலின் கசப்பு இறங்கிவிடும். ஓர் ஐஸ் கட்டியைப் போட்டு நாலு கிளறு, கட்டியை எடுத்து வெளியே, மேலே மெல்லிசாக அரிந்த சிவப்பு வெங்காயம், முடிந்தது. சில நிமிட வேலைதான். கூடவே ஒரு துண்டு வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, பெரிய பல்லாக இருக்கும் மலைச் சோளம், வறுத்த சோளம். கிண்ணத்தின் அடியில் தேங்கும் அந்தப் புளிப்புச் சாற்றுக்கு லெச்சே தே திக்ரே என்று பெயர், அதை ஸ்பூனால் வழித்துக் குடித்துவிட வேண்டும், கூச்சப்படக் கூடாது.

மிளகுத்தண்ணி

நெடுவழி சொல்வது நல்ல சாப்பாட்டுக்குச் சரி. ஆனால் கேட்டவர் கேட்டது சென்ட்ரல் காசுக்கு ஈடா என்று. நான் போயிருக்கிறேன், என் பதில்: ஆமாம், ஈடுதான், ஆனால் எதற்காகப் போகிறோம் என்று தெரிந்து போனால்.

பெரு நாட்டை ஒரு தடவை மேலிருந்து கீழே நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் பசிபிக் கடல், அதை ஒட்டி மழையே அபூர்வமான பாலைவனம், அதைத் தாண்டினால் ஆறாயிரம் மீட்டருக்கு மேல் போகும் ஆண்டீஸ் மலை, மலையை இறங்கினால் அமேசான் காடு. விர்ஹீலியோ மார்டினெஸும் அவர் மனைவி பியா லியோனும் சென்ட்ரலில் செய்வது இதைத்தான், ஒவ்வொரு தட்டும் கடல்மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று ஓர் உயரத்தைச் சேர்ந்தது. அந்த உயரத்தில் சேர்ந்து விளைவதும் வாழ்வதும் மட்டும்தான் அந்தத் தட்டில் இருக்கும். கடலுக்கு அடியிலிருந்து தொடங்கும், நாலாயிரம் மீட்டருக்கும் போகும், நடுவே காட்டுக்குள் இறங்கும். இதற்காகவே மாத்தேர் என்று ஓர் ஆய்வுப் பிரிவு வைத்திருக்கிறார்கள், அதை விர்ஹீலியோவின் சகோதரி மலேனா மார்டினெஸ் நடத்துகிறார். மலை ஏரிகளில் மிதக்கும் குஷூரோ என்று ஒன்று வந்தது, பாசி இனம், பச்சையாக, உருண்டையாக, வெந்த ஜவ்வரிசி மாதிரி வாயில் வழுக்கிக்கொண்டு போகிறது, தனியாகச் சுவை என்று எதுவும் இல்லை. பிரான்ஹா மீனின் தோலை மொறுமொறுப்பாக ஆக்கி, பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும் பிரான்ஹா தலைகளின் மேல் வைத்துக் கொடுத்தார்கள். தலையைச் சாப்பிடக் கூடாது, அலங்காரம். பக்கத்து மேசைக்காரர் கடித்துப் பார்க்கப் போனார், பரிமாறுகிற பெண் ஓடி வந்து தடுத்தாள்.

எல்லாத் தட்டும் பிடித்ததா என்றால் இல்லை. இரண்டு மூன்று வெறும் விநோதம்தான். ஆனால் அந்தச் சாப்பாட்டை உலகத்தில் வேறெங்கும் சாப்பிட முடியாது. செவிச்சே லண்டனிலும் கிடைக்கிறது, துபாயிலும் கிடைக்கிறது.

நெடுவழி

துபாயில் கிடைப்பது செவிச்சே என்று போர்டு போட்ட ஏதோ ஒன்று.

மிளகுத்தண்ணி

அதுவும் சரிதான். வாதத்துக்காகச் சொன்னேன்.

கணக்குப்பிள்ளை

காசு விஷயத்துக்கு வருகிறேன், யாரும் அதை உடைத்துச் சொல்லவில்லை. சென்ட்ரல், மைடோ இரண்டிலும் முழு வரிசைச் சாப்பாடு ஓர் ஆளுக்கு ஆயிரம் சோலைத் தாண்டும், பானம் தனி. சோல் என்பது அந்த ஊர் நாணயம், ரூபாயில் எவ்வளவு என்று அன்றைய விகிதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர், ஆளுக்கு ஒரு பானவரிசை என்றால் ஊருக்கு ஒரு விமான டிக்கெட் விலை. அதே ஊரில் தட்டு வாரியாக வாங்கும் நல்ல உணவகத்தில் ஒரு முக்கியத் தட்டு 60லிருந்து 100 சோல் வரை இருக்கும். நாலு தட்டைப் பகிர்ந்து, ஓர் இனிப்பு, ஆளுக்கு ஒரு பிஸ்கோ சவர் (அந்த ஊர் மதுக் கலவை) என்று போனாலும் சென்ட்ரலில் ஒரு ஆளுக்கு ஆவதில் பாதியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான்.

பில்லைப் பார்த்து மிரளாமல் இருக்கச் சில விஷயம். மெனுவில் போட்டிருக்கும் விலையில் 18 சதவீத வரி ஏற்கெனவே சேர்ந்திருக்கும், மேலே தனியாக ஏறாது. பல பெரிய உணவகங்களில் சேவைக் கட்டணமும் 10 சதவீதம் விலைக்குள்ளேயே இருக்கும், பில்லில் "ரெகார்கோ அல் கோன்சூமோ" என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டிப்ஸ் உங்கள் இஷ்டம், இல்லாவிட்டால் ஒரு பத்து சதவீதம் வைப்பது வழக்கம். பணம் கொடுக்கும்போது "போலேதாவா, ஃபக்தூராவா" என்று எந்த வகை ரசீது வேண்டும் எனக் கேட்பார்கள். ஃபக்தூரா அந்த ஊர் வரி எண் உள்ள நிறுவனங்களுக்கு, நமக்கு போலேதா போதும். கார்டு மிஷினில் டாலரிலா, ரூபாயிலா, சோலிலா என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சோல் என்று அழுத்துங்கள், மற்றதில் மாற்று விகிதத்தில் தீட்டிவிடுவார்கள்.

பாலாறு_பையன்

அடேங்கப்பா, இவ்வளவு சீக்கிரம் இத்தனை பதிலா. மிளகுத்தண்ணி, சென்ட்ரலில் மாட்டிறைச்சி வேண்டாம் என்று சொன்னால் கேட்பார்களா? அப்புறம் மைடோ பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே.

மிளகுத்தண்ணி

முன்பதிவு செய்யும்போதே எழுதிவிட வேண்டும். போய் உட்கார்ந்தபின் சொன்னால் அவர்களுக்கும் கஷ்டம், உங்களுக்கும் ஏதோ ஒப்புக்கு ஒரு தட்டு வரும். பொதுவாக இது எல்லா வரிசைச் சாப்பாட்டு உணவகத்துக்கும் பொருந்தும், முன்கூட்டியே சொன்னால் நன்றாகவே பார்த்துக்கொள்வார்கள்.

கடலோடி_ரொறன்ரோ

மைடோவுக்கு நான் வாறன். மித்சுஹாரு சுமுரா என்று லிமாவில் பிறந்த ஜப்பானிய வம்சாவளிக்காரர், 2009இல் தொடங்கினவர். உலகின் சிறந்த 50 உணவகங்கள் என்ற பட்டியலில் 2023இல் சென்ட்ரல் முதலிடம், 2025இல் மைடோ முதலிடம். ஒரே நகரம், இரண்டு வருட இடைவெளி. உள்ளே கால் வைத்தவுடன் வேலை செய்கிற எல்லாரும் ஒரே குரலில் "மைடோ!" என்று கத்துவார்கள், என்ர மனிசி பயந்தே போனா.

அங்கே கிடைப்பது நிக்கெய் சாப்பாடு, அதாவது பெருவில் குடியேறின ஜப்பானிய வம்சாவளியின்ர சமையல். 1899இல் சகுரா மாரு என்ற கப்பலில் ஜப்பானியர்கள் கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் பெருவுக்கு வந்து இறங்கினவை. எங்கட சனம் தேயிலைக்கும் றப்பருக்கும் போன அதே காலம்தான். தோட்டத்தில் நிலைமை மோசம், கொஞ்சப் பேர் நகரத்துக்கு வந்து சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடை போட்டார்கள். அதற்கு முதல் பெருக்காரர் மீனை எலுமிச்சையில் மணிக்கணக்காக ஊற வைத்துத்தான் சாப்பிட்டவை, மீன் வெந்தது போல இறுகிவிடும். நெடுவழி அண்ணை விபரித்த அந்தச் சில நிமிட செவிச்சே, மெல்லிய துண்டாக வெட்டின திராதித்தோ, இரண்டிலும் ஜப்பானியக் கை இருக்கிறது. ஒக்டோபஸ் கூட அப்படித்தான், கறுப்பு ஒலிவ் சோஸில் ஒக்டோபஸ் போடும் தட்டை உருவாக்கினவர் ரோசிட்டா யிமுரா என்ற நிக்கெய் பெண்மணி. இப்ப அது எல்லா இடத்திலும் இருக்கு.

மைடோவில் மாட்டு விலா எலும்பை 50 மணித்தியாலம் அவிக்கிற தட்டு பிரபலம், உங்கட மனைவிக்கு அது சரிவராது, மீனோடு மாற்றித் தருவினம். என்னைக் கேட்டால் சென்ட்ரலை விட மைடோ சாப்பிட இன்பமானது. சென்ட்ரலில் மூளைக்கு வேலை, மைடோவில் நாக்குக்கு.

சைவப்பூனை

எல்லாரும் மீனையும் மாட்டையும் பேசுகிறீர்கள், இங்கே சைவம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. நான் பெருவில் பட்டது கொஞ்ச நஞ்சமில்லை. மிராஃப்ளோரெஸில் வெள்ளை மேசைவிரிப்புப் போட்ட ஓர் உணவகம், பெயர் வேண்டாம். இறைச்சி இல்லாமல் என்று தெளிவாகச் சொல்லி, கீன்வா என்ற மலைத் தானியத்தில் சூப் கேட்டேன். வந்தது, நல்ல மணம், பாதி குடித்தபின் அடியில் கோழி நார். கூப்பிட்டுக் கேட்டால் அந்த மனிதர் கொஞ்சமும் அசராமல், "நீங்கள் கார்னே வேண்டாம் என்றுதானே சொன்னீர்கள், இது பொயோ" என்கிறார். சூப்புக்கும் பில் போட்டார்கள். இரண்டு தடவை சொன்ன பிறகுதான் எடுத்தார்கள்.

அதனால் சைவர்கள் போனால் ஒரே மூச்சில் இப்படிச் சொல்லுங்கள்: சின் கார்னே, சின் பொயோ, சின் பெஸ்காடோ, சின் கால்டோ. மாடு வேண்டாம், கோழி வேண்டாம், மீன் வேண்டாம், எலும்புச் சாறும் வேண்டாம். கடைசியில் இருக்கும் கால்டோதான் முக்கியம்.

இத்தனையும் சொன்னாலும் அந்த நாட்டின் கிழங்குக்காக நான் திரும்பவும் போவேன். உருளைக்கிழங்கு பிறந்த மண் அது, ஆண்டீஸில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வகை. கௌசா என்று ஒன்று, மஞ்சள் உருளைக்கிழங்கை வேகவைத்து மசித்து, அஹி அமரியோ என்ற மஞ்சள் மிளகாயின் விழுதும் எலுமிச்சையும் எண்ணெயும் சேர்த்துப் பிசைந்து, நடுவில் வெண்ணெய்ப்பழம் வைத்து அடுக்கி, குளிர வைத்துக் கொடுப்பார்கள். உள்ளே கோழியோ டுனாவோ வைப்பதுதான் வழக்கம், கேட்டால் காய்கறி வைத்துத் தருவார்கள். அரெகிப்பா ஊர்ப் பக்கத்து சொல்தெரீத்தோ சாலட், அவரைப்பருப்பும் சோளமும் பாலாடைக்கட்டியும் போட்டது, அதுவும் அருமை. பியா லியோன் தனியாக 2018இல் லிமாவின் பரான்கோ பகுதியில் தொடங்கிய கோயே உணவகத்தில் கிழங்குகளுக்கு இருக்கும் மரியாதை எனக்குச் சென்ட்ரலை விடப் பிடித்தது, தட்டில் நிறம் அள்ளிக்கொண்டு போகும். சென்ட்ரலும் அதே கட்டடத்தில்தான் இருக்கிறது.

தோசைக்கல்

பொயோ என்றால் இறைச்சி இல்லை என்பது எங்கள் பெரியம்மா வீட்டு நியாயம். முட்டை சைவம், மீன் பாதிச் சைவம்.

பழைய_பஞ்சாங்கம்

ஒரு கேள்வி. பச்சை மீன் என்கிறீர்களே, வயிற்றுக்கு ஒன்றும் ஆகாதா? எலுமிச்சைச் சாறு கிருமியைக் கொன்றுவிடும் என்கிறார்களே, உண்மையா?

கடலோடி_ரொறன்ரோ

கொல்லாது ஐயா. எலுமிச்சையின் அமிலம் மீனின் புரதத்தை இறுக்கி வெள்ளையாக்கும், பார்க்க வெந்தது போல இருக்கும், அவ்வளவுதான். கிருமியும் புழுவும் சாக வேண்டுமென்றால் சூடு வேண்டும், இல்லாவிட்டால் நன்றாக உறைய வைத்திருக்க வேண்டும். 1991இல் பெருவில் கொலரா பரவினபோது செவிச்சே மீது பெரிய பயம் வந்தது, கடைகள் வெறிச்சோடிப் போச்சு. இப்ப நல்ல இடத்தில் சாப்பிட்டால் பயப்பட ஒன்றுமில்லை, கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்புக் குறைந்தவர்களும் தவிர்ப்பதுதான் புத்தி. தெருவோரத்தில் வெயிலில் கிடக்கும் மீனை நான் தொடமாட்டேன், அது எந்த நாடாக இருந்தாலும்.

நெடுவழி

அந்த எலுமிச்சை நம் ஊர் நாட்டு எலுமிச்சை இனம்தான். சின்னது, மெல்லிய தோல், சாறு அதிகம், புளிப்புக் கூர்மை. ஐரோப்பாவில் கிடைக்கும் பெரிய மஞ்சள் எலுமிச்சையில் செவிச்சே எடுபடாது. நம் வீட்டிலேயே செய்ய நினைப்பவர்களுக்கு அந்த வகையில் யோகம்தான், மீன்தான் பிரச்சினை.

மஞ்சள்பை

கொஞ்சம் வேறு மாதிரிப் பேசலாமா. நான் சமூகவியல் படித்தவள், குஸ்கோ என்ற மலை நகரத்துப் பக்கம் கொஞ்ச காலம் வேலை செய்தேன். மலையில் ஒரு பெண் தன் தோட்டத்துக் கிழங்கைச் சந்தையில் கிலோ ரெண்டு மூன்று சோலுக்கு விற்கிறாள். அதே கிழங்கு லிமாவில் கல்தட்டில் மூன்று துண்டாக உட்கார்ந்து ஆயிரம் சோல் வரிசையில் ஒன்றாகப் போகிறது, சாப்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுக்காரர்கள். "நாட்டின் பன்மையைக் கொண்டாடுகிறோம்" என்று சொல்வதைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். கீன்வாவுக்கு என்ன நடந்தது? 2013ஐ ஐ.நா. கீன்வா ஆண்டு என்று அறிவித்தது, உலகமே கேட்டது, விலை ஏறியது, எல்லோரும் பயிரிட்டார்கள், 2015க்குள் விலை சரிந்து விழுந்தது. ஏறும்போது கொண்டாடியவர்கள் யாரும் விழும்போது அந்தப் பக்கம் காணவில்லை.

மிளகுத்தண்ணி

மஞ்சள்பை, கோபம் புரிகிறது, ஆனால் கீன்வா விலையையும் சென்ட்ரலையும் ஒரே கயிற்றில் கட்டாதீர்கள். கீன்வாவை ஏறவிட்டு இறக்கியது ஏற்றுமதிச் சந்தை, ஒரு ராத்திரிக்குச் சில டஜன் பேருக்குச் சமைக்கும் ஓர் உணவகம் இல்லை. இன்னொன்றையும் பாருங்கள். 1994இல் அகூரியோவும் அவர் ஜெர்மானிய மனைவி அஸ்திரித் குட்ஷேயும் அஸ்திரித் ஈ கஸ்தோன் உணவகத்தைத் திறந்தபோது அங்கே போட்டது பிரெஞ்சுச் சமையல். பாரிஸில் படித்துவிட்டு வந்தவர்கள். லிமா பணக்காரர்கள் வெளியே சாப்பிடுவதென்றால் அப்போது பிரெஞ்சு, இத்தாலி என்றுதான், குய் என்ற கினிப்பன்றியோ, சுன்யோ என்ற உறையவைத்துக் காயவைத்த உருளைக்கிழங்கோ மலைக்காரர்கள் தின்பது, அதை மேசைக்குக் கொண்டுவந்தால் முகம் சுளிப்பார்கள். பத்துப் பதினைந்து வருடத்தில் அந்த மேசையிலேயே குய் வந்து உட்கார்ந்தது, பீக்கிங் வாத்து பாணியில், ஊதாச் சோள அப்பத்தோடு. அதில் வேஷம் கொஞ்சம் இருக்கலாம், ஆனால் எது உயர்ந்த சாப்பாடு என்ற எண்ணம் தலைகீழானது நடந்த விஷயம்.

மஞ்சள்பை

எண்ணம் மாறியது என்பதை மறுக்கவில்லை. விவசாயியின் கையில் எவ்வளவு வந்தது என்பதுதான் என் கேள்வி, அதற்கு யாரும் பதில் சொல்வதில்லை. சரி, நான் இதோடு நிறுத்திக்கொள்கிறேன், பாலாறு பையன் சாப்பிடப் போகிறார், அவர் தலையில் இதையெல்லாம் ஏற்ற வேண்டாம். ஒன்று மட்டும். உங்களால் குஸ்கோ வரை போக முடிந்தால் மோராய் பக்கத்தில் இருக்கும் மீல் உணவகத்தைப் பாருங்கள். அதே விர்ஹீலியோவுடையது, 2018இல் தொடங்கியது, இன்காக்கள் வட்ட வட்டமாக வெட்டிய படிவயல்களுக்கு மேலே, 3,500 மீட்டரைத் தாண்டிய உயரத்தில். மதியம் மட்டும்தான். சுற்றியுள்ள கிராமத்தாரோடு சேர்ந்து பயிர் செய்கிறார்கள். எனக்குச் சென்ட்ரல் மீது இருக்கும் கோபம் அங்கே பாதியாகிவிட்டது.

நெடுவழி

மீல் அருமை, ஆனால் லிமாவிலிருந்து ஏறிய அன்றே போகாதீர்கள். கடல்மட்டத்திலிருந்து நேராக 3,400 மீட்டரில் இறங்கித் தலைவலியோடு உட்கார்ந்தால் எட்டு தட்டும் வீண். ஒரு நாள் படுத்து, கோகா இலைத் தேநீர் குடித்து, மது தொடாமல் இருந்துவிட்டு அப்புறம் போக வேண்டும். இரண்டு நாள் மட்டும் கையில் இருக்கும் நம் நண்பருக்கு இது ஆகாது.

பாலாறு_பையன்

ஆமாம், குஸ்கோ இந்தத் தடவை முடியாது. இப்போது என் மனதில் ஓடுவது: சனிக்கிழமை மதியம் லா மார், ராத்திரி சும்மா கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டு லேசாக ஏதாவது. ஞாயிறு மதியம்? வீட்டுச் சாப்பாடு பாணியில் கொஞ்சம் நல்ல இடம் இருக்கிறதா?

நெடுவழி

பரான்கோவில் இசோலினா. பழைய லிமா வீட்டுச் சமையல், ஒரு தட்டு என்பது இரண்டு பேர் தாராளமாகச் சாப்பிடும் அளவு, அதனால் ஆளுக்கு ஒன்று என்று கேட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள். மாட்டுக் குடல், நாக்கு, ஈரல் எல்லாம் அங்கே பிரமாதம், நீங்கள் ஒன்று எடுங்கள், மனைவிக்கு மீனில் ஏதாவது. ஞாயிறு மதியம் குடும்பம் குடும்பமாக வருவார்கள், சத்தமாக இருக்கும். பல நல்ல உணவகங்கள் ஞாயிறு ராத்திரி திறப்பதில்லை, அதையும் கணக்கில் வையுங்கள்.

லோமோ சல்தாதோவை விட்டுவிடாதீர்கள். சீனர்கள் 1849 முதல் கூலிகளாக வந்தவர்கள், அவர்கள் கொண்டுவந்த வாணலியும் சோயா சாஸும்தான் இந்தத் தட்டு. மாட்டிறைச்சி, வெங்காயம், தக்காளி எல்லாம் நெருப்பு பாய்ந்து எரியும் வாணலியில் வதக்கி, வறுத்த உருளைக்கிழங்கும் சோறும் இரண்டும் ஒரே தட்டில். உருளைக்கிழங்கைத் தொட்டுக்கொண்டு சோறு சாப்பிடும் நமக்கு அது ஒன்றும் அதிசயமாகத் தெரியாது, கூட வந்த ஐரோப்பிய நண்பர்தான் எதற்கு இரண்டு என்று முழித்துக்கொண்டிருந்தார். மனைவிக்குக் கோழியில் கேளுங்கள், செய்து தருவார்கள்.

மிளகுத்தண்ணி

அப்படியானால் சென்ட்ரலை விட்டுவிட்டீர்களா? லிமா வரை போய்விட்டு?

பாலாறு_பையன்

மனைவியிடம் இந்த இழையை முழுக்கப் படிக்கக் கொடுத்தேன். பிரான்ஹா தலை வரைக்கும் படித்துவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதோடு அந்தத் தேதிகளில் இடமும் இல்லை, பார்த்துவிட்டேன், மாதக்கணக்கில் முன்னாடியே போய்விடுகிறது. கோயேவில் காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுத்திருக்கிறேன், சனி ராத்திரிக்கு வந்தால் பார்ப்போம்.

மிளகுத்தண்ணி

கோயே கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். வராவிட்டால் அஸ்திரித் ஈ கஸ்தோனையும் பாருங்கள், இப்போது லிமாவின் சான் இசித்ரோ பகுதியில் காசா மொரேய்ரா என்ற பழைய பண்ணை மாளிகையில் இருக்கிறது, தட்டு வாரியாகவும் வாங்கலாம். உடை பற்றிக் கவலை வேண்டாம், கோட்டெல்லாம் தேவையில்லை, அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்பும் மட்டும் வேண்டாம். ஜூன் முதல் அக்டோபர் வரை வானம் சாம்பல் நிறத்தில் தூறிக்கொண்டே இருக்கும், ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய_பஞ்சாங்கம்

மது தொடாதவர்கள் என்ன குடிப்பது?

சைவப்பூனை

சிச்சா மொராடா ஐயா. ஊதாச் சோளத்தை அன்னாசித் தோல், பட்டை, கிராம்பு போட்டுக் கொதிக்க வைத்து வடிகட்டி, எலுமிச்சை பிழிந்து குளிரக் கொடுப்பார்கள். போதையில்லை. வெறும் சிச்சா என்று கேட்காதீர்கள், மலைப்பக்கம் அது புளிக்கவைத்த சோளக் கள். பிஸ்கோ சவரில் பச்சை முட்டை வெள்ளைக்கரு அடித்துச் சேர்ப்பார்கள், முட்டை சாப்பிடாதவர்கள் மறக்காமல் கேட்டுக்கொள்ள வேண்டும், மேலே நிற்கும் அந்த நுரையே முட்டைதான்.

தோசைக்கல்

பாலாறு பையன், வரும்போது அந்த மஞ்சள் மிளகாய் விதை கொஞ்சம் கொண்டு வர முடியுமா? மாடித் தோட்டத்தில் போட்டுப் பார்க்கலாம்.

கணக்குப்பிள்ளை

விதை வேண்டாம், அனுமதி இல்லாமல் கொண்டுவந்தால் விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள், அதற்கு மேல் தொல்லையும் வரும். அஹி அமரியோ விழுது பாட்டிலில் அடைத்து லிமாவில் எல்லா சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கிறது, சீல் உடைக்காமல் இரண்டு வாங்கிப் பெரிய பெட்டியில் துணிக்கு நடுவே வையுங்கள். கைப்பையில் வைக்காதீர்கள், 100 மில்லிக்கு மேல் என்று எடுத்துவிடுவார்கள்.

தோசைக்கல்

சரி, அப்போ விழுது. எனக்கு மூன்று பாட்டில், காசு அனுப்புகிறேன்.